காரில் வந்து ரயிலுக்காகப் பேசியவர்கள்

1935-இல் இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் மாவட்டத்துப் பார்ன்ஸ்டபிள் ஊரில் ஒரு கூட்டம் நடந்தது. அங்கிருந்து லின்டன் என்ற மலையூருக்குப் போகும் சின்ன ரயில் பாதையை மூடப் போகிறார்கள், அதை மூடவிடக் கூடாது என்று பேசுவதற்கான கூட்டம். லின்டன்காரர்களின் பிரதிநிதிகளும் வந்து சேர்ந்தார்கள். ரயிலில் அல்ல, காரில்.

இந்தப் பாதையின் கதையைச் சொல்பவர்கள் இந்தச் சம்பவத்தை விடுவதே இல்லை. சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு அந்தப் பிரதிநிதிகளைக் குறை சொல்லத் தோன்றவில்லை. லின்டன் ஸ்டேஷன் எங்கே இருந்தது, ரயில் போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரிந்தால் நீங்களும் நானும்கூடக் காரில்தான் போயிருப்போம். மோட்டார் வண்டி வந்து ரயிலைக் கொன்றுவிட்டது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். பொய்யில்லை. ஆனால் மோட்டார் வண்டி வந்து தள்ளியபோது இந்தப் பாதை ஏன் அவ்வளவு சுலபமாக விழுந்தது என்பதற்கான பதில், அது கட்டப்பட்ட காலத்திலேயே இருக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்மூர் என்ற மேட்டுநிலம் வடக்கே கடலைத் தொடும் இடத்தில், செங்குத்தான பாறை முகட்டின்மேல் லின்டன். அதற்கு நேர் கீழே, சுமார் 500 அடி இறக்கத்தில், கடலோரமாக லின்மத். மலை, காடு, ஆறு, கடல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதால், 19-ஆம் நூற்றாண்டில் வசதிபடைத்தவர்கள் அதை இங்கிலாந்தின் சுவிட்சர்லாந்து என்று சொல்லிக்கொண்டு கோடைக்கு வந்தார்கள். வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். லின்டன் போகிறவர்களுக்குப் பெரிய ரயில் பார்ன்ஸ்டபிளோடு முடிந்துவிடும். மிச்சம் இருபது மைல் குதிரை வண்டியில், ஏறி இறங்கிப் போக வேண்டும்.

அந்த ஊரின் அழகில் மயங்கியவர்களில் ஒருவர் ஜார்ஜ் நியூன்ஸ். ஜனரஞ்சக இதழ்களை நடத்திப் பெரும் பணம் சேர்த்த லண்டன் பத்திரிகை அதிபர். நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். லின்டனில் குன்றின்மேல் மாளிகை கட்டிக்கொண்டார். அவர் பணம் போட்டு முதலில் செய்த காரியம் லின்டனையும் லின்மத்தையும் இணைக்கும் பாறைச் சரிவு ரயில். 1890-இல் திறக்கப்பட்டது. இரண்டு பெட்டிகள், நடுவே கம்பிவடம். மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்பினால் அது கனத்து இறங்கும், கீழே நிற்பது மேலே வரும். இன்ஜினும் இல்லை, நிலக்கரியும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து பார்ன்ஸ்டபிளுக்கே ரயில். நியூன்ஸ் தலைமையில் கம்பெனி அமைந்தது. 1895 ஜூனில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அனுமதி தந்தது, செப்டம்பரில் நியூன்ஸின் மனைவி முதல் மண்ணை வெட்டினார். மலைப்பகுதியில் அகலப் பாதை போட்டால் செலவு கட்டுப்படியாகாது என்பதால் குறுகிய பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே இரண்டு அடிகூட இல்லை. அரை அங்குலம் குறைவு. டார்ஜிலிங் ரயிலைப் பார்த்தவர்களுக்கு அளவு பிடிபடும், கிட்டத்தட்ட அதே அகலம். அகலம் குறைந்தால் கூர்மையான வளைவுகளில் திரும்பலாம், மலையைக் குடையாமல் அதன் இடுப்பைச் சுற்றிக்கொண்டே போகலாம். நீளம் 19 மைலுக்குக் கொஞ்சம் அதிகம். ஏற்றம் பல இடங்களில் ஐம்பது அடிக்கு ஓர் அடி.

சிக்கனம் என்று தொடங்கியது சிக்கனமாக முடியவில்லை. வெட்ட வெட்டப் பாறை வந்தது. செலவு மதிப்பீட்டைத் தாண்டியது, ஒப்பந்தக்காரருக்கும் கம்பெனிக்கும் தகராறு முற்றி வழக்குவரை போனது. போதாததற்குக் காலமும் சதி செய்தது. சிறிய பாதைகளுக்கான விதிமுறைகளைத் தளர்த்தும் இலகு ரயில்பாதைச் சட்டம் 1896-இல்தான் வந்தது. இவர்கள் ஓராண்டு முந்திவிட்டார்கள். அதனால் ஒரு நாளைக்குச் சில ரயில்கள் மட்டும் ஓடும் பாதைக்குப் பெரிய பாதைகளுக்கு உரிய சிக்னல் ஏற்பாடு முழுவதும் செய்ய வேண்டியதாயிற்று. அப்புறம் அதை இயக்க ஆள், ஆளுக்குச் சம்பளம். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் செலவு நிற்காது.

செல்ஃபம் என்ற இடத்தில் பள்ளத்தாக்கைத் தாண்டக் கட்டிய பாலம் இன்றும் நிற்கிறது. எட்டு வளைவுகள், 70 அடி உயரம், வெளிர் மஞ்சள் செங்கல். இவ்வளவு குறுகிய ரயிலுக்கு இவ்வளவு கம்பீரமான பாலமா என்று தோன்றும். ஒட்டகத்தின் முதுகில் எறும்பு போவதுபோல அதன்மேல் அந்த ரயில் போகும் பழைய புகைப்படங்கள் எனக்குச் சலிப்பதே இல்லை.

இன்ஜின்களுக்கு அந்தப் பகுதி ஆறுகளின் பெயர். ஆங்கிலத்தில் எழுதினால் எல்லாம் மூன்றெழுத்து: யோ, எக்ஸ், டா. மூன்றும் லீட்ஸ் நகரத்து மேனிங் வார்டில் நிறுவனம் செய்தவை. நான்காவதாக ஒன்று வேண்டும் என்று தேடியபோது, இங்கிலாந்தின் இயந்திரத் தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலை கேட்டு எழுந்த போராட்டமும் கதவடைப்பும் முடிந்து, ஆர்டர்கள் குவிந்து கிடந்தன. அதனால் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலிருந்து பால்ட்வின் நிறுவனத்து இன்ஜின் ஒன்று பாகம் பாகமாகக் கப்பலில் வந்து இறங்கியது. லின் என்று பெயர். தொழிலாளர் போராட்டத்தின் தடயம் ஒரு மலைக்கிராமத்து ரயிலின் முகத்தில் இப்படிப் பதிந்துபோனது. மற்ற மூன்றோடு நிறுத்திப் பார்த்தால் லின் மட்டும் அசல் அமெரிக்க முகவெட்டோடு நிற்கும்.

1898 மே 11 திறப்பு விழா. மே 16 முதல் மக்களுக்கான ரயில்.

ஸ்டேஷன்கள் எங்கே அமைந்தன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடைசி ஸ்டேஷனுக்குப் பெயர் லின்டன் அண்டு லின்மத். பெயரில்தான் இரண்டு ஊர். உண்மையில் அது லின்டனுக்கு வெளியே, ஊரை விட உயரமான மேட்டில், ஊர்க்காரர்கள் கண்ணில் படாதபடி ஒதுக்குப்புறமாக இருந்தது. புகையும் இரைச்சலும் ஊரின் அழகைக் கெடுக்கக் கூடாது என்ற எண்ணம். அழகைப் பார்க்க வருகிறவர்களுக்காகத்தானே ரயில், அதனால் நியாயமாகத்தான் பட்டிருக்கும். ஆனால் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறவருக்கு? ஒன்றரை மணி நேரம் ஆடி ஆடி வந்து, ஸ்டேஷனில் இறங்கி, மறுபடி ஒரு வண்டி பிடித்து ஊருக்குள் இறங்க வேண்டும். லின்மத் போகிறவர் அதற்குப் பிறகு பாறைச் சரிவு ரயிலும் ஏற வேண்டும். லண்டனிலிருந்து கணக்குப் போட்டால் எத்தனை முறை மாறுவது!

வழியில் இருந்த ஊர்களுக்கும் இதே கதைதான். ரயில் மலையின் இடுப்பைச் சுற்றிப் போகும், ஊர் பள்ளத்தில் இருக்கும். பாராகூம் கிராமத்தைப் பெரிய வளையமாகச் சுற்றிக்கொண்டு போனது பாதை. வுடி பே ஸ்டேஷன் இதையெல்லாம் மிஞ்சியது. அதன் அருகில் ஊரே கிடையாது. கடலோரமாக அங்கே ஓர் உல்லாச நகரம் எழுப்பப் போகிறேன் என்று ஒரு லண்டன் வழக்கறிஞர் திட்டம் போட்டிருந்தார். நகரம் வரும், கிளைப் பாதை வரும் என்று நம்பிச் சுமார் ஆயிரம் அடி உயரத்தில் சுவிஸ் பாணியில் அழகான ஸ்டேஷன் கட்டினார்கள். அவர் திவாலானார். நகரம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

சரக்கு விஷயம் இன்னும் மோசம். பெரிய பாதையின் வேகன் இந்தக் குறுகிய தண்டவாளத்தில் ஏறாது. நிலக்கரியோ உரமோ தீவனமோ, பார்ன்ஸ்டபிளில் எல்லாவற்றையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்ற வேண்டும். கூலி இரட்டிப்பு, நேரம் இரட்டிப்பு, சிதறல் கூடுதல். பாதை போடும்போது மிச்சம்பிடித்ததை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். குதிரை வண்டிதான் போட்டி என்றிருந்த காலத்தில் இது பெரிதாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு கிளைக்கதை. 1903-இல் நியூன்ஸ் தரப்பே பாதையின் நடுவில் இருந்த பிளாக்மூர் ஸ்டேஷனிலிருந்து இல்ஃப்ரகூம் என்ற கடற்கரை ஊருக்கு மோட்டார் பஸ் விட்டது. ரயில் பயணிகளை ஏற்றிச் செல்ல இரண்டு பஸ். இங்கிலாந்தில் ரயிலோடு இணைத்து ஓட்டப்பட்ட முதல் மோட்டார் பஸ்கள் அவைதான். மணிக்கு எட்டு மைலுக்கு மேல் வேகமாக ஓட்டினார் என்று டிரைவருக்கு அபராதம் போட்டார்கள். தொல்லை வேண்டாம் என்று இரண்டு பஸ்களையும் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக்கு விற்றுவிட்டார்கள். அந்தக் கம்பெனி அதே ஆண்டு ஆகஸ்டில் கார்ன்வாலில் அவற்றை ஓட்டத் தொடங்கி, அதிலிருந்து பெரிய பஸ் வலையையே விரித்தது. தன்னைப் பின்னால் வீழ்த்தப்போகும் வண்டியை முதலில் கொண்டுவந்ததும் இந்த ரயில்தான். அதன் அருமை தெரியாமல் கைமாற்றி விட்டதும் இந்த ரயில்தான்.

நியூன்ஸ் 1910-இல் லின்டன் மாளிகையிலேயே இறந்தார். கடைசிக் காலத்தில் கடன் அவரை அழுத்தியிருந்தது. ரயில் கம்பெனியின் பங்குதாரர்களும் பெரிதாக எதையும் கண்டதில்லை. முதல் உலகப் போர் வந்து போனது. போருக்குப் பிறகு சாலைகளுக்குத் தார் பூசினார்கள். ராணுவத்தில் லாரி ஓட்டப் பழகியவர்கள் ஊர் திரும்பினார்கள், மிச்சமான லாரிகள் மலிவாகக் கிடைத்தன. பார்ன்ஸ்டபிளிலிருந்து லின்டன் கடைத்தெருவிலேயே கொண்டுபோய் இறக்கிவிடும் வண்டிகள் வந்தன. ஊருக்கு வெளியே மேட்டில் நின்ற அந்த ஸ்டேஷன் அன்றுதான் உண்மையிலேயே தூரமாயிற்று.

1923-இல் பிரிட்டனின் ரயில் கம்பெனிகள் நான்கு பெரிய கம்பெனிகளாகத் தொகுக்கப்பட்டபோது இந்தப் பாதை சதர்ன் ரயில்வேயின் கைக்கு வந்தது. விலை சுமார் 39 ஆயிரம் பவுண்டு. கட்டுவதற்குக் கொட்டிய பணத்தோடு ஒப்பிட்டால் அடிமாட்டு விலை. மூடுவதற்கென்றே வாங்கினார்கள் என்று சிலர் திட்டுவது உண்டு. அது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். தண்டவாளத்தைச் செப்பனிட்டார்கள், பெட்டிகளுக்குப் புது வண்ணம் பூசினார்கள், 1925-இல் லூ என்ற பெயரில் புது இன்ஜினே வாங்கிவிட்டார்கள். மூட நினைப்பவன் புது இன்ஜின் வாங்க மாட்டான். ஆனால் அவர்கள் தொட முடியாத மூன்று விஷயங்கள் இருந்தன: ஸ்டேஷன் நிற்கும் இடம், தண்டவாளத்தின் அகலம், மலையைச் சுற்றும் வளைவுகள். பத்தொன்பது மைலுக்கு ஒன்றரை மணி நேரம் என்பது மாறவே இல்லை. குதிரை வண்டிக்கு முன்னால் அது வேகம். பஸ்ஸுக்கு முன்னால் அது ஆமை.

கோடையில் சுற்றுலாப் பயணிகள் ஓரளவு வந்தார்கள். குளிர்காலத்தில் சிக்னல்காரரும் ஸ்டேஷன் மாஸ்டரும் காலிப் பெட்டிகளுக்குக் கொடி காட்டினார்கள். முப்பதுகளின் நடுவில் சதர்ன் ரயில்வே கணக்கைப் பார்த்தது. தண்டவாளத்துக்கும் வண்டிகளுக்கும் மறுபடி பெரிய செலவு வரப்போகிறது, அதைத் திருப்பி எடுக்கும் வழி எதுவும் தெரியவில்லை. கோடைப் பருவம் முடிந்ததும் மூடிவிடுவது என்று முடிவாயிற்று. நான் தொடக்கத்தில் சொன்ன கூட்டம் அதைத் தடுக்கத்தான் கூடியது. பேச்சுகள் உருக்கமாகத்தான் இருந்திருக்கும். வாசலில் நின்ற கார்கள் அதைவிடத் தெளிவாகப் பேசிவிட்டன.

கடைசி நாள் 1935 செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை.

மூடப்போகும் ரயில்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாளில் மட்டும் இடம் கிடைக்காது. இங்கேயும் அப்படியே. ஆண்டுக்கணக்கில் ஏறாதவர்கள் ஏறினார்கள். முதன்முதலில் வந்த இன்ஜின்களில் ஒன்றான யோவையும் கடைசியாக வந்த லூவையும் சேர்த்துப் பூட்டி நீண்ட ரயிலாக இழுத்தார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூட்டம். லின்டன் போய்த் திரும்பி இரவில் பார்ன்ஸ்டபிள் வந்து சேர்ந்ததோடு எல்லாம் முடிந்தது. ஆண்டு முழுவதும் அதில் பாதிக் கூட்டம் வந்திருந்தால் என்று யாராவது பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பாதிக் கூட்டம் நடக்கிற தூரத்தில் ஸ்டேஷன் இல்லையே!

மறுநாள், வுடி பேயில் வசித்த ஓய்வுபெற்ற கடற்படை கேப்டன் ஒருவர் அனுப்பிய மலர்வளையத்தைப் பார்ன்ஸ்டபிள் டவுன் ஸ்டேஷனில், தண்டவாளம் முடியும் தடுப்புக்கட்டையில் வைத்தார்கள். இறந்தவர்களுக்கு வைப்பதுபோலக் கறுப்புக் கரை போட்ட அட்டை. அதில் ஒரு வரி: “ஒருவேளை இது சாகவில்லை, உறங்குகிறது போலும்.” பைபிளில் இறந்துபோன சிறுமியைப் பற்றி இயேசு சொல்லும் வார்த்தைகளின் சாயலில் எழுதப்பட்ட வரி. கேப்டன் குடியிருந்த இடத்தைக் கவனியுங்கள். ஊரே வராத அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்து வந்தது மலர்வளையம்.

சதர்ன் ரயில்வே காலம் கடத்தவில்லை. நவம்பர் 13 அன்று ஏலம். வண்டிகள், தண்டவாளம், கட்டைகள், சில்லறைச் சாமான்கள் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. யோ, எக்ஸ், டா, லின் நான்கையும் உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள். பயணிகள் பெட்டிகள் கோழிக்கூடாகவும் தோட்டத்துக் குடிசையாகவும் போயின. நல்ல மரத்தில் செய்தவை என்பதால் சில பெட்டிகள் அந்தக் கோலத்திலும் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தன. ஸ்னாப்பர் என்ற சின்ன ரயில் நிறுத்தத்தில் மழையிலும் வெயிலிலும் கிடந்த ஒரு பெட்டியை 1959-இல் தூக்கிக்கொண்டு போய்ச் சீராக்கி, வேல்ஸில் உள்ள ஃபெஸ்டினியாக் ரயிலில் ஓட்டினார்கள். ஒரு பாதிரியார் இல்லத்துத் தோட்டத்தில் கிடந்த இன்னொரு பெட்டி இப்போது யார்க் நகரத்துத் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

லூவின் கதை தனி. பத்து வயதே ஆன இன்ஜின் என்பதால் பழைய இரும்பு வியாபாரிக்கு அதை உடைக்க மனம் வரவில்லை, அல்லது கணக்கு வரவில்லை. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுக்கும் ரயிலை இழுக்க அதையே பயன்படுத்தினார். தான் ஓடிய பாதையைத் தானே சுருட்டிக்கொண்டு வந்தது லூ. 1936 செப்டம்பரில் அதை ஸ்வான்சி துறைமுகத்தில் கப்பலேற்றி, பிரேசிலின் பெர்னாம்புகோ பகுதிக்கு அனுப்பினார்கள். அதற்குப் பின் அந்த இன்ஜினைக் கண்டவர்கள் இல்லை. காப்பித் தோட்டத்தில் ஓடியது, கரும்பு ஆலையில் ஓடியது என்று பல ஊகங்கள். தேடிப் போனவர்களும் உண்டு. வெறுங்கையோடு திரும்பினார்கள்.

பாறைச் சரிவு ரயிலை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? அதே ஊர், அதே நியூன்ஸ், கிட்டத்தட்ட அதே காலம். அது இன்றும் ஓடுகிறது. பழமையின் மேல் உள்ள பாசத்தால் மட்டும் அல்ல. அதன் கீழ்முனை லின்மத் கடற்கரையில், மேல்முனை லின்டன் ஊருக்குள். மக்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கேயே அது தொடங்குகிறது, எங்கே போக வேண்டுமோ அங்கேயே முடிகிறது. செங்குத்தான அந்த ஏற்றத்தில் கார் அதை வெல்லவும் முடியவில்லை.

லின்டன் ரயில் ஓடிய பாதையோ நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வயலும் புதருமாகக் கிடந்தது. லின்டன் ஸ்டேஷன் குடியிருப்பாயிற்று, பிளாக்மூர் ஸ்டேஷன் மதுவிடுதியாயிற்று. பார்ன்ஸ்டபிளிலிருந்து இல்ஃப்ரகூமுக்குப் போன அகலப் பாதையும் 1970-இல் மூடப்பட்டது, அதோடு பார்ன்ஸ்டபிள் டவுன் ஸ்டேஷனும். குறுகிய பாதையாக இருந்ததுதான் குற்றம் என்று நினைப்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1979-இல் ஆர்வலர்கள் சங்கம் அமைத்துப் பாதையை மீட்கக் கிளம்பினார்கள். எங்கிருந்து தொடங்குவது? லின்டன் பக்கம் வீடுகள், பார்ன்ஸ்டபிள் பக்கம் நகரம் வளர்ந்துவிட்டது. யாருக்கும் வேண்டாததால் அதிகம் சேதப்படாமல் நின்றது வுடி பே. 1995-இல் அதை வாங்கினார்கள். 2004 ஜூலையில், மூடி ஏறக்குறைய 69 ஆண்டுகளுக்குப் பிறகு, வராத நகரத்துக்காகக் கட்டிய அந்த ஸ்டேஷனிலிருந்து மறுபடி பயணிகள் ரயில் புறப்பட்டது. ஏறக்குறைய ஒரு மைல் போகும், திரும்பி வரும். காணாமல்போன லூவின் அச்சில் லிட் என்று ஓர் இன்ஜினும், அமெரிக்க லின்னைப் போலவே ஒரு புது லின்னும் செய்துவிட்டார்கள்.

வுடி பே ஸ்டேஷன் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. அங்கே போய்ச் சேர வேறு ரயில் எதுவும் கிடையாது. காரில்தான் போக வேண்டும், அல்லது பஸ்ஸில்.